விதி செய்த வண்டி

வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிக்கிறவர்களுக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. கதையைப் படிக்கிற சுகத்தைச் சொல்லவில்லை. அடுத்த இதழ் கைக்கு வருகிற வரையில் கழிகிற ஏழு நாட்களைச் சொல்கிறேன். அந்த ஏழு நாளில் கதாநாயகிக்கு எத்தனை விதமான கல்யாணங்கள் நடந்துவிடுகின்றன! ஆசிரியன் எழுதுவது ஒன்று. வாசகர்கள் மனசுக்குள் எழுதிக்கொள்வது ஆயிரம். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது நன்றாகவே தெரியும். வரப்போகிற அத்தியாயத்தோடு போட்டி போட்டு, வந்த அத்தியாயம் ஜெயிப்பது அபூர்வம்.

மோட்டார் வண்டி விஷயத்திலும் இப்படிக் காத்திருக்கிற ஒரு கூட்டம் உலகமெங்கும் இருக்கிறது. பெரிய மனிதர்கள் ஏறிச் செல்லும் கப்பல் போன்ற கார்களுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. அவர்கள் கேட்பது பார்வைக்குப் பரம சாதுவான சின்னக் கார். பின்பக்கம் முழுவதும் ஒரே கதவாக மேலே தூக்கித் திறக்கும். ஹாட்ச்பேக் என்று சொல்கிறார்களே, அது. காய்கறி வாங்கவும் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரவும் ஏற்பட்ட வண்டி. ஆனால் அதன் வயிற்றுக்குள் டர்போ பொருத்திய முரட்டு எஞ்சின் ஒன்று இருக்க வேண்டும். அந்த எஞ்சினின் பலம் இரண்டு சக்கரங்களோடு நின்றுவிடாமல் நாலு சக்கரங்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

இப்படி ஒரு வண்டியை இன்ன கம்பெனி செய்யப்போகிறது என்று பேச்சுக் கிளம்பினால் போதும். எத்தனை குதிரைசக்தி, என்ன எடை, கியரைக் கையால் போடுவதா அல்லது தானாகவே விழுமா, விலை என்ன, நம் தேசத்துக்கு அனுப்புவார்களா மாட்டார்களா என்று, குழந்தை பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே ஜாதகம் கணித்துவிடுவார்கள்.

இந்த ஆசை எங்கே பிறந்தது என்று தேடிக்கொண்டு போனால் வேடிக்கையான ஒரு சங்கதி தெரிய வருகிறது. ரசிகர்கள் கேட்டார்கள் என்பதற்காக இந்த வண்டிகள் முதலில் உண்டாகவில்லை. பந்தயச் சங்கத்தாரின் சட்டப் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது, அதற்காக உண்டாயின. விதி என்ற சொல்லுக்கு நம் பாஷையில் இரண்டு அர்த்தம் உண்டு அல்லவா? இந்தக் கதைக்கு இரண்டுமே பொருந்தும்.

1976-77 குளிர்காலத்தில் ஜெர்மனியின் ஆடி கம்பெனிக்காரர்கள் தங்கள் புதுக் கார்களை ஸ்காண்டிநேவியப் பனிப் பிரதேசத்துக்குக் கொண்டுபோய்ப் பரீட்சை செய்துகொண்டிருந்தார்கள். கூடவே இல்டிஸ் என்ற ஒரு வண்டியும் போயிருந்தது. ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்த ஜீப் மாதிரியான வண்டி. உயரமாய், சதுரமாய், அழகு என்பதே இல்லாதது. அதன் எஞ்சினுக்கு 75 குதிரைசக்திதான். ஆனால் பனி மூடிய சாலையில் அந்த அவலட்சணம், தன்னைவிட எத்தனையோ பலசாலிகளான கார்களைப் பின்னால் தள்ளிவிட்டுப் போயிற்று. காரணம் எளியது. மற்ற கார்களில் இரண்டு சக்கரங்கள் மட்டுமே வண்டியை இழுத்தன. பனியில் அவை வழுக்கிச் சுற்றின. இல்டிஸுக்கு நாலு சக்கரமும் இழுத்தது. யோர்க் பென்ஸிங்கர் என்ற எஞ்சினீயர் இதைப் பார்த்தார். ஊர் திரும்பியதும், சாதாரணக் கார் ஒன்றிலும் இந்த ஏற்பாட்டைச் செய்து பார்த்தால் என்ன என்று தம் மேலதிகாரி ஃபெர்டினான்ட் பியெக்கிடம் கேட்டார். பியெக், புகழ்பெற்ற ஃபெர்டினான்ட் போர்ஷேயின் பேரன். அவருக்கு இப்படிப்பட்ட கேள்விகள் பிடிக்கும்.

நாலு சக்கரத்துக்கும் பலம் கொடுப்பது அவ்வளவு சுலபம் அல்ல. கோயில் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருக்கிறீர்களே, உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம் உருண்டால் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். காரிலும் அப்படித்தான். வலது சக்கரத்துக்கும் இடது சக்கரத்துக்கும் மட்டுமல்ல, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும்கூட இந்தப் பேதம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தண்டில் இறுகக் கட்டிவிட்டால் வளைவில் வண்டி திணறும். பரீட்சைக்காகச் செய்த முதல் வண்டியில் இந்தக் குறை இருந்தது. கம்பெனி உயர் அதிகாரி ஒருவரின் மனைவி அதை வியன்னா நகரில் கடைத்தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். திருப்பி நிறுத்துகிற இடத்திலெல்லாம் வண்டி தவளை மாதிரி குதிக்கிறது என்று வந்து குறை சொன்னார். பனிமலையில் மகா சாமர்த்தியம் காட்டிய வண்டி, ஓர் அம்மாள் கடைக்குப் போய் வருவதற்குள் மானத்தை வாங்கிவிட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இன்னொரு டிஃபரன்ஷியல் வேண்டும் என்று முடிவாயிற்று. அதைச் சுமார் 26 சென்டிமீட்டர் நீளமுள்ள, உள்ளே துளையிட்ட ஒரு தண்டைக் கொண்டு கியர்ப் பெட்டிக்குள்ளேயே அடக்கினார்கள். நாலு சக்கர இழுவையைக் கனமில்லாமல் சாதாரணக் காருக்குள் நுழைய விட்டது அந்தத் துளைத் தண்டுதான்.

1980 மார்ச்சில் ஜினீவா கண்காட்சியில் அந்த வண்டி வெளிவந்தது. பெயர் குவாட்ரோ, இத்தாலிய பாஷையில் நான்கு. அது ஹாட்ச்பேக் அல்ல, இரண்டு கதவு கூபே. ஆனாலும் இந்த வம்சத்துக்கு மூத்தது அதுதான். அதை ராலிப் பந்தயத்துக்கு விட வேண்டுமானால் 400 வண்டிகள் செய்து பொதுஜனங்களுக்கு விற்க வேண்டும் என்பது அப்போதிருந்த விதி. கம்பெனியும் 400 விற்றால் போதும் என்றுதான் கணக்குப் போட்டது. 1991-ல் கடையைக் கட்டியபோது விற்றிருந்தது 11,452.

ராலி என்பது வட்டமான மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓடுகிற பந்தயம் அல்ல. காட்டுப் பாதையிலும் மலை வளைவிலும் சேற்றிலும் பனியிலும் ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓடுவது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அடுத்த வளைவு எப்படிப்பட்டது என்று குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார். இந்தப் பந்தயத்தில் குவாட்ரோ 1981-ல் நுழைந்தது. அந்த வருஷமே ஸான் ரெமோவில் மிஷேல் மூட்டன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி அதை ஓட்டி வென்றார். உலக ராலிப் பந்தயம் ஒன்றில் ஒரு பெண் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் தங்கள் காலம் முடிந்தது என்று புரிந்துகொண்டார்கள்.

1982-ல் விதி தளர்ந்தது. பி பிரிவு என்று ஒன்றை ஏற்படுத்தி, 200 வண்டிகள் செய்தால் போதும் என்றார்கள். இருநூறு என்பது விளையாட்டுக் கணக்கு. அதைக் காட்டிவிட்டு என்ன ராட்சசனை வேண்டுமானாலும் பந்தயத்தில் விடலாம். பெஜோ கம்பெனி, 205 என்ற சின்ன ஹாட்ச்பேக்கின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால் வைத்து, நாலு சக்கரமும் இழுக்கும்படி செய்தது. 1985, 1986 இரண்டு வருஷமும் உலகப் பட்டம் அதற்கே. இத்தாலியின் லான்சியாவும் டெல்டா என்ற குடும்பக் காரின் பெயரை வைத்து இன்னொரு ராட்சசனைச் செய்தது. ஜனங்கள் பாதையின் இரு ஓரமும் நெருக்கியடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். சிலர் ஓடுகிற வண்டியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்கள்.

1986 மார்ச்சில் போர்ச்சுகலில் ஒரு வண்டி அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. பார்க்க வந்தவர்கள் இறந்தார்கள். முப்பது பேருக்கு மேல் காயம். மே 2-ஆம் தேதி கார்ஸிகா தீவில், பந்தயத்தில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த ஹென்ரி டொய்வோனனின் லான்சியா ஓர் இடது வளைவில் சாலையை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தது. அவரும், பக்கத்தில் குறிப்புப் படித்துக்கொண்டிருந்த ஸெர்ஜியோ கிரெஸ்டோவும் அங்கேயே இறந்துபோனார்கள். டொய்வோனனுக்கு வயது 29, கிரெஸ்டோவுக்கு 30. தீ அணைந்தபோது மிஞ்சியது கருகிய சட்டம் ஒன்றுதான். சரியாக ஒரு வருஷம் முன்பு, அதே மே 2-ஆம் தேதி, அதே தீவில், அதே கம்பெனியின் மற்றொரு வண்டியில் அட்டிலியோ பெட்டேகா இறந்திருந்தார்.

பி பிரிவு வண்டிகளுக்கு அடுத்த வருஷத்திலிருந்து இடமில்லை என்று பந்தயச் சங்கத்தார் உடனேயே அறிவித்துவிட்டார்கள். இனி ஏ பிரிவு. வருஷத்துக்கு 5,000 வண்டிகள் செய்து விற்றிருக்க வேண்டும். பந்தயத்தில் ஓடுவதும் ஏறக்குறைய அந்த வண்டியாகவே இருக்க வேண்டும். பித்துப் பிடித்த வேகத்தைத் தெளிய வைப்பதற்குச் செய்த மருந்து இது. இந்த மருந்தில்தான் நம் ரசிகர்களின் பித்துப் பிறந்தது!

எப்படி என்று கேட்டால், இருநூறு வண்டியைக் கொட்டகையில் அடுக்கிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். ஐயாயிரத்தை அப்படிச் செய்ய முடியாது. யாராவது வாங்க வேண்டும். டாக்டர்களும் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் ஏறி உட்காரும்படி, ஜன்னல் கண்ணாடி ஒழுங்காக இறங்கும்படி, மழைக்கு ஒழுகாதபடி, அதே சமயம் பனிமலையில் பந்தயத்தை ஜெயிக்கும்படி ஒரு வண்டி செய்ய வேண்டும். வியாபார புத்தி உள்ள கம்பெனி தானாக இப்படி ஒன்றைச் செய்யுமா? விதி செய்ய வைத்தது.

லான்சியாவிடம் மட்டும் அந்தச் சமயத்துக்குச் சரக்குக் கையில் இருந்தது. டெல்டா, 1979-ல் ஜூஜாரோ வரைந்து கொடுத்த ஐந்து கதவு ஹாட்ச்பேக். யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காத நல்ல பிள்ளை. அதில் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சினையும் நாலு சக்கர இழுவையையும் வைத்து, 165 குதிரைசக்தியோடு 1986-ல் விற்பனைக்கு விட்டிருந்தார்கள். 1987-ல் பட்டம் அதற்கு. அப்புறம் 1992 வரைக்கும் வரிசையாக ஆறு வருஷம் கம்பெனிகளுக்கான உலகப் பட்டத்தை வேறு யாரும் தொடவில்லை. ஜப்பானின் மாஸ்டா கம்பெனியும் 323 என்ற சின்னக் காரை இதே முறையில் செய்து ஸ்வீடன் பனியில் இரண்டு தடவை ஜெயித்தது, 1.6 லிட்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு உலகப் பட்டம் வரைக்கும் போக அதனால் முடியவில்லை.

டெல்டாவின் படத்தைப் பார்க்கிறவர்கள் அதன் தோள்களைக் கவனிக்க வேண்டும். சக்கரங்களுக்கு மேலே தகடு பயில்வானின் புஜம் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். ரசிகர்கள் உருகிப்போவது அந்தப் புஜத்தைப் பார்த்துத்தான். அழகுக்காக யாரும் அதை வரையவில்லை. பந்தயத்துக்கு அகலமான டயர் வேண்டியிருந்தது. கடையில் விற்கிற வண்டியில் இடம் இல்லாவிட்டால் பந்தய வண்டியிலும் அகலப்படுத்தக் கூடாது என்பது விதி. ஆகையால் கடை வண்டியையே அகலப்படுத்தினார்கள். எஞ்சின் அதிகமாகச் சூடானது. முன் மூடியில் காற்றுத் துவாரம் வைத்தார்கள். 1987-ல் 185 குதிரைசக்தி, 1989-ல் பதினாறு வால்வு, 1991-ல் இன்னும் அகலம். இப்படி ஒரு பரம சாது வருஷா வருஷம் மீசை முறுக்கிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் என்ன வரும் என்று ஜனங்கள் எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். தொடர்கதை ஆரம்பமாகிவிட்டது! 1994-ல் கடைசி வண்டி வெளிவருவதற்குள் நாற்பதாயிரத்துக்கு மேல் விற்றது.

ஆனால் வாங்குகிறவனுக்கும் விதிக்கும் எப்போதும் ஒத்துப்போயிற்று என்று சொல்ல மாட்டேன். 1992-ல் ஃபோர்டு கம்பெனி எஸ்கார்ட் காஸ்வொர்த் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அப்போது வேண்டியிருந்த கணக்கு 2,500. டர்போ என்பது எஞ்சின் விடுகிற புகையின் விசையாலேயே ஒரு விசிறியைச் சுழற்றி உள்ளே காற்றைத் திணிக்கிற சாதனம். பந்தயத்துக்குப் பெரிய விசிறி வேண்டும். பெரிய விசிறி சுழன்று வேகம் பிடிக்க நேரமாகும். ஊருக்குள் ஓட்டுகிறவன் காலை அழுத்திவிட்டு, எஞ்சின் தூக்கம் தெளியக் காத்திருக்க வேண்டும். முதல் 2,500 பேருக்கு அந்தப் பெரிய விசிறியையே கொடுத்தார்கள். கணக்கு முடிந்த பிறகுதான் சின்ன விசிறி வைத்து வண்டியைச் சுமுகமாக்கினார்கள். ஆனாலும் இன்றைக்கு அதிக விலை கொடுத்துத் தேடுகிறவர்கள் அந்தத் தூங்குமூஞ்சி வண்டியைத்தான் தேடுகிறார்கள். ஆசை என்பது சௌகரியத்தைப் பார்த்து வருவதில்லை போலிருக்கிறது.

டொயோட்டாவின் பெயர் இங்கே நல்ல விதமாக வரவில்லை. எஞ்சினுக்குள் போகிற காற்றைக் குறைக்க, டர்போவின் வாய்க்கு இத்தனை அளவுதான் என்று விதி இருந்தது. 1995-ல் டொயோட்டாவின் ஸெலிகா வண்டியில் ஒரு தந்திரம் அகப்பட்டது. பொருத்தியிருக்கும்போது அளவுக்கு மேல் காற்றை உள்ளே விடும். பரிசோதகர் கழற்றிப் பார்த்தால் தானாக மூடிக்கொண்டு சாதுவாக இருக்கும். சங்கத் தலைவர் மாக்ஸ் மோஸ்லியே அதன் வேலைத்திறனை வியந்துவிட்டுத்தான் பன்னிரண்டு மாதம் விலக்கி வைத்தார். பிற்பாடு திரும்பி வந்து, 1999-ல் ஒரு பட்டத்தோடு டொயோட்டா ராலியை விட்டுப் போய்விட்டது.

இதற்கிடையில் 1997-ல் விதி மறுபடி மாறியது. கடையில் விற்பது சாதாரண முன்சக்கர இழுவைக் காராகவே இருக்கலாம். பந்தய வண்டிக்கு மட்டும் டர்போவையும் நாலு சக்கர இழுவையையும் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். செலவு குறைந்தது, பல கம்பெனிகள் பந்தயத்துக்கு வந்தன. ஸெபாஸ்டியன் லோப் என்ற பிரெஞ்சுக்காரர் 2004 முதல் 2012 வரை ஒன்பது பட்டம் தொடர்ந்து வென்றார். ஆனால் அவர் ஓட்டிய ஸிட்ரோயனின் பெயரைச் சொல்லிக் கடைக்குப் போனவருக்குக் கிடைத்தது, முன் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற குடும்பக் கார். ஸுபாருவும் மிட்ஸுபிஷியும் தங்கள் ஸெடான் வண்டிகளைக் கொஞ்ச காலம் விடாமல் செய்துகொண்டிருந்தன. மற்றபடி அந்த வம்சம் அநேகமாக அற்றுப்போயிற்று. விதி போனது, வண்டியும் போனது. காத்திருக்கிறவர்கள் மட்டும் போகவில்லை.

ஃபோர்டு கம்பெனியின் ஃபோகஸ் ஆர்.எஸ். இதற்கு நல்ல உதாரணம். 2002-ல் ஒன்று வந்தது, 2009-ல் ஒன்று வந்தது. இரண்டுக்கும் இழுப்பது முன் சக்கரம்தான். அமெரிக்காவுக்கு இரண்டையும் அனுப்பவில்லை. 2015-ல் மூன்றாவதை அறிவித்தபோது நாலு சக்கர இழுவை, 350 குதிரைசக்தி, அமெரிக்காவிலும் கிடைக்கும் என்றார்கள். பல வருஷ விரதம் பலித்த மாதிரி கொண்டாடினார்கள். சந்தோஷத்துக்குத் திருஷ்டி பட்டதோ என்னவோ, சில வண்டிகளில் எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் வைக்கிற காஸ்கெட் பழுதாகி, 2018-ல் கம்பெனியே அழைத்து மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வருஷமே தயாரிப்பும் நின்றது. நாலாவது வரும் என்று இரண்டு வருஷம் ஜாதகம் கணித்தார்கள். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களையும் செலவையும் காரணம் சொல்லி, 2020 ஏப்ரலில் ஃபோர்டு அது வராது என்று சொல்லிவிட்டது.

அதே 2020 ஜனவரியில் டோக்கியோவில் வேறொரு வண்டியின் திரை விலகியிருந்தது. டொயோட்டா 2017-ல் ராலிக்குத் திரும்பியிருந்தது. நாலு தடவை உலகப் பட்டம் வென்ற டாமி மாக்கினன் பின்லாந்தில் இருந்துகொண்டு அணியை நடத்தினார். பந்தய வண்டிக்கு உதவுகிற மாதிரி கடை வண்டியைச் செய்வோம் என்று, பழைய முறையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அப்போதைய விதிப்படி அதற்கு 25,000 வண்டிகள் வேண்டும். தலைவர் அகியோ டொயோடாவுக்கு வேறொரு குறையும் இருந்தது. கம்பெனியின் பந்தய ஜாதி வண்டிகளில் ஒன்று ஸுபாருவோடு கூட்டு, இன்னொன்று பி.எம்.டபிள்யூவோடு கூட்டு. தங்கள் கையாலேயே செய்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டியிருந்தது.

ஜி.ஆர். யாரிஸ் என்று பெயர் வைத்தார்கள். சாதாரண யாரிஸுக்கு ஐந்து கதவு, இதற்கு மூன்று. முன்பாதி சின்னக் காரின் அடிச்சட்டம், பின்பாதி பெரிய காருடையது. பின்னால் இருக்கிற இறக்கைக்குக் காற்று நன்றாகப் போக வேண்டும் என்று கூரையையே தாழ்த்தி, கரி இழையால் செய்தார்கள். மூன்றே சிலிண்டர், 1,618 கன சென்டிமீட்டர், ஜப்பானில் 272 குதிரைசக்தி. மொத்த எடை 1,280 கிலோ. மோட்டோமாச்சி தொழிற்சாலையில், நகரும் பட்டை இல்லாமல், தேர்ந்தெடுத்த தொழிலாளிகள் நின்று நிதானமாகக் கையால் பூட்டினார்கள். எதிர்பார்த்தவர்களின் ஜாதகத்தில்கூட இத்தனை கிரகங்கள் உச்சத்தில் இருக்கவில்லை.

வண்டியைக் காட்டிய ஜனவரி 10-ஆம் தேதியே முன்பதிவு தொடங்கியது. ஜூன் கடைசி வரை நடந்தது. அதற்குள் கொரோனா வந்து உலகத்தை அடைத்துப் போட்டது. எந்த ராலி வண்டிக்காக இந்தக் காரைச் செய்தார்களோ, 2021-ல் ஓட வேண்டிய அந்த ராலி வண்டியின் வேலையை டொயோட்டா அந்த ஜூன் மாதமே கைவிட்டது. 2022-ல் புது விதி வந்தது. பந்தய வண்டியின் உடம்பு, கடை வண்டியின் உடம்பாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குழாய்களால் ஒரு கூடு கட்டி, மேலே பெயருக்கு உருவத்தைப் போர்த்தினால் போதும் என்றார்கள். தாழ்த்திய கூரைக்கும் மூன்று கதவுக்கும் கரி இழைக்கும் பந்தயத்தில் இனி வேலை இல்லை.

கல்யாணத்துக்கு நகை செய்து முடித்த அன்று கல்யாணம் நின்றுபோன கதைதான். ஆனால் டொயோட்டா நகையை உருக்கவில்லை. 2020 செப்டம்பரில் ஜப்பானில் விற்பனை தொடங்கியது. வாங்குகிறவர்கள் தயாராக நின்றார்கள். விதியின் கட்டாயம் இல்லாமலே அந்த வண்டியைத் தொடர்ந்து செய்தார்கள்; 2024-ல் இன்னும் பலமேற்றிப் புதுப்பித்தார்கள். நாற்பது வருஷமாக விதி செய்துவந்த வேலையைக் காத்திருந்தவர்களின் ஆசை செய்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஐயாயிரம் பேரை எங்கே தேடுவது என்று ஒரு காலத்தில் கம்பெனிகள் கவலைப்பட்டன அல்லவா? அந்த ஐயாயிரம் பேரின் பிள்ளைகள் இவர்கள்.

அமெரிக்கர்களுக்கு மட்டும் ஜி.ஆர். யாரிஸ் கிடைக்கவில்லை. அவர்களுக்கென்று அதே மூன்று சிலிண்டர் எஞ்சினை 300 குதிரைசக்திக்கு ஏற்றி, கொரோலா என்ற ஐந்து கதவு ஹாட்ச்பேக்கில் வைத்து 2022-ல் அறிவித்தார்கள். பலருக்கு அதுவே திருப்தி. ஆனால் யாரிஸ்தான் வேண்டும் என்கிற பிடிவாதக்காரர்களும் அங்கே உண்டு. அந்தத் தேசத்துச் சட்டத்துக்கு ஒத்துவராத அந்நியக் காரை, அதற்கு 25 வயது நிறைந்த பிறகுதான் தடையில்லாமல் இறக்குமதி செய்ய முடியும். 1992-ல் செய்த டெல்டாவுக்காக 2017 வரை நாளெண்ணிக் காத்திருந்து கப்பலில் வரவழைத்தவர்கள் இருக்கிறார்கள். முதல் வருஷத்து யாரிஸுக்கு அந்த வயது 2045-ல் வருகிறது. இப்போதே எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.